சைலன்சருக்கு எர்த் கொடுத்தால் சத்தம் குறையுமா?

காரின் சைலன்சர் குழாயையும் பாடியையும் ஒரு செம்புப் பட்டையால் இணைத்துவிட்டால் இரைச்சல் அடங்கிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. காதில் விழும் உறுமலைத்தான் சொல்கிறார்கள் என்றால், அது இம்மியும் குறையாது. காருக்குள் இருக்கும் வானொலியின் கரகரப்பு என்றால், குறைய வாய்ப்பு இருக்கிறது. அதற்கு உறுதியான இயற்பியல் காரணமும் உண்டு.

உறுமல் காற்றின் வேலை. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், நொடிக்கு 100 முறை எரிந்த வாயு சூடாகப் பீறிட்டு வெளியேறுகிறது. சைலன்சருக்குள் இருக்கும் அறைகளும் துளையிட்ட குழாய்களும் அந்த அழுத்த அலையை முன்னும் பின்னும் மோதவிட்டுத் தணிக்கின்றன. இதில் மின்சாரத்துக்கு இடமே இல்லை.

கரகரப்பின் கதை வேறு. பெட்ரோல் எஞ்சினில் அந்த 100 முறையும் ஸ்பார்க் பிளக்கில் பொறி பறக்கிறது. பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் 20,000 வோல்ட் அளவுக்கு உயர்த்துவதால் பிறக்கும் பொறி அது. ஒவ்வொரு மின்பொறியும் ஒரு சிறு வானொலி நிலையம்தான். 1887இல் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் வானொலி அலைகளை உண்டாக்கிக் காட்டியது பொறியைக் கொண்டே. 1912இல் டைட்டானிக் கப்பல் உதவி கேட்டதும் பொறியால் இயங்கும் கருவி வழியாகத்தான். பொறி எழுப்பும் அலை ஓர் அலைவரிசையில் அடங்காது. எல்லாவற்றிலும் பரவிக் கெடுக்கும். 1930இல் கால்வின் சகோதரர்கள் மோட்டோரோலா கார் ரேடியோவை உருவாக்கியபோது பெரும்பாடு பட்டது இந்தத் தொல்லையை அடக்கத்தான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் தன் ஜீப்புகளின் பல பாகங்களைப் பின்னல் பட்டைகளால் ஒன்றோடொன்று இணைத்தது. வானொலி இரைச்சல் அடக்கப்பட்ட வண்டி என்பதற்கு அடையாளமாக, பானட்டில் எழுதிய பதிவெண்ணின் இறுதியில் ‘எஸ்’ என்ற எழுத்தைச் சேர்த்தார்கள்.

சைலன்சர் குழாய் இதில் எங்கே வருகிறது? அதன் முன்முனை எஞ்சினோடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கிறது. எஞ்சினின் அதிர்வு வண்டிக்குள் ஏறக்கூடாது என்பதால், மீதி நீளம் முழுவதும் ரப்பர் வளையங்களில் தொங்குகிறது. பொறிக்குப் போன மின்னோட்டம் எஞ்சின் உடல் வழியாகத் திரும்பும்போது, அதன் மின்னதிர்வுகளில் ஒரு பங்கு குழாயிலும் ஏறுகிறது. ஒரு முனை எஞ்சினில், மறுமுனை அந்தரத்தில் என்று கிடக்கும் 3 மீட்டர் உலோகக் குழாய், 25 மெகாஹெர்ட்ஸ் அருகே கச்சிதமான கால் அலை ஆன்டெனா. ஹாம் வானொலி ஆர்வலர்கள் பேசும் அலைவரிசைகள் அதன் பக்கத்திலேயே இருக்கின்றன. காரில் சிற்றலைக் கருவி வைத்திருப்பவர்களில் பலர் ஆன்டெனாவைப் பின் பம்பர் பக்கம் பொருத்துவார்கள். சைலன்சரின் வால் அதற்கு நேர் கீழே. அதனால்தான் அவர்கள் குழாயை இரண்டு மூன்று இடங்களில் பாடியோடு இணைக்கிறார்கள்.

இங்கேதான் பல மெக்கானிக்குகளுக்குச் சந்தேகம் வரும். மல்டிமீட்டரை வைத்தால் குழாய்க்கும் பாடிக்கும் இடையே ஏற்கெனவே கிட்டத்தட்ட சுழி ஓம் காட்டும். முன்முனைதான் எஞ்சின் வழியாக எர்த் ஆகியிருக்கிறதே! ஆனால் மல்டிமீட்டர் அளப்பது நேர்மின்னோட்டத்துக்கான தடையை. வேகமாக அலையும் மின்னோட்டத்துக்குக் கம்பியின் நீளமே தடை. மெல்லிய 30 செ.மீ. கம்பி ஒன்று 25 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 45 ஓம் மறிப்பைத் தரும். அந்த அதிர்வெண்ணில் அதை எர்த் என்று சொல்வதற்கில்லை. மேலும் இத்தகைய மின்னோட்டம் உலோகத்தின் மேல்தோலில் மட்டுமே ஓடும். செம்பில் 10 மெகாஹெர்ட்ஸில் அந்த ஆழம் 0.02 மி.மீ. மட்டுமே. பருமனைவிட மேற்பரப்பே முக்கியம் என்பதால், இணைப்பு அகலமான பட்டையாகவும் முடிந்தவரை குட்டையாகவும் இருக்க வேண்டும். நீளமான உருண்டைக் கம்பியைக் கட்டிப் பார்த்துவிட்டு ‘இது வெறும் கட்டுக்கதை’ என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

எல்லாக் காருக்கும் இது தேவைப்படாது. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. இன்றைய பெட்ரோல் கார்களின் பிளக்கிற்குள் சுமார் 5,000 ஓம் மின்தடை வைத்தே விற்கிறார்கள். இரைச்சலின் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும். பண்பலை மட்டும் கேட்பவருக்கும் பயன் குறைவு. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி வந்தால், அது பெரும்பாலும் ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சார ஒயர் வழியாக வருவது. அதற்கு வடிகட்டிதான் மருந்து.

செய்து பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் எஞ்சினை ஓடவிட்டும் நிறுத்தியும் வானொலியைக் கேளுங்கள். நிறுத்தியதும் கரகரப்பு மறைந்தால் மட்டுமே மேற்கொண்டு இறங்குங்கள். குழாய் நன்றாக ஆறிய பிறகு துருவைச் சுரண்டி, துருப்பிடிக்காத கிளாம்ப் போட்டுப் பட்டையை முடுக்குங்கள். குழாய் ஆட இடம் வேண்டும் என்பதால் ரப்பர் வளையங்களைக் கழற்றாதீர்கள். உறுமலைக் குறைக்க எர்த் பட்டை விற்க யாராவது வந்தால் வாங்காதீர்கள். குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.