பி.டி. பீரியட் யாருக்குச் சொந்தம்?

காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் டியூஷன், இரவில் செல்போன். பத்தாம் வகுப்பில் கால் வைத்த பிள்ளையின் நாள் உட்கார்ந்தே கழிகிறது. கால அட்டவணையில் இருக்கும் பி.டி. பீரியடையும் பல பள்ளிகளில் கணக்குக்கோ அறிவியலுக்கோ எடுத்துக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்ததுமே வீட்டார் விளையாட்டை நிறுத்திவிடுவதும் உண்டு.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் தரவுகளை அலசி 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பள்ளி செல்லும் 11–17 வயதினரில் 81 சதவீதம் பேருக்கு இந்த அளவு உடலுழைப்பு இல்லை. பெண்களில் இது 85 சதவீதம், ஆண்களில் 78.

ஆபத்து என்ன?

பிள்ளையின் கழுத்து மடிப்பு கறுத்துத் தடித்தால் அழுக்கென்று தேய்க்காதீர்கள். உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். கூடுதல் எடையோடு குறட்டை, மாதவிடாய்க் கோளாறு இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு, இரண்டாம் வகை நீரிழிவு ஆகியவை இந்த வயதிலேயே வரக்கூடும். ஒல்லியான பிள்ளைக்கும் எலும்பும் தசையும் உறுதிப்பட விளையாட்டு வேண்டும்.

உரிமை என்ன?

இந்தியா 1992-இல் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு, 18 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் ஓய்வையும் விளையாட்டையும் உரிமையாக்குகிறது. எட்டாம் வகுப்பு வரையுள்ள பள்ளிகளில் விளையாட்டு மைதானமும் விளையாட்டுப் பொருட்களும் இருக்க வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களுக்கு விற்க, 2020-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை விதிக்கின்றன.

என்ன செய்யலாம்?

பி.டி. பீரியட் பறிபோனால் முதலில் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். அரசுப் பள்ளியென்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசுங்கள். அங்கும் தீராவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதலாம். தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணையும் அழைக்கலாம். வாசலில் விற்கும் பண்டங்கள் குறித்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம்.

வளரும் பிள்ளையின் எடையைப் பெரியவர்களுக்கான அட்டவணையை வைத்து முடிவு செய்யாதீர்கள். வயதுக்கும் பாலினத்துக்கும் தனி அட்டவணை உண்டு. பள்ளிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடம் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். பட்டினி போடுவதும் ‘குண்டு’ என்று கேலி செய்வதும் கெடுதலையே செய்யும். குளிர்பானத்துக்குப் பதில் மோரோ தண்ணீரோ கொடுங்கள். வழி பாதுகாப்பாக இருந்தால் பிள்ளை பள்ளிக்கு சைக்கிளில் போகட்டும். அந்த நேரமும் 60 நிமிடக் கணக்கில் சேரும்.

தேர்வு நெருங்கும்போதுதான் பி.டி. பீரியட் முதலில் பறிபோகும். ஆகவே பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே கால அட்டவணையை வாங்கிப் பாருங்கள்.