எதைப் பார்த்துக் கணக்குப் போடுவது?

தவணைக்கு மோட்டார் சைக்கிள் எடுக்கப் போகிறோம். "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று கடைக்காரர் கேட்கிறார். நாம் சென்ற மாதச் சம்பளத்தை நினைத்து ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறோம். ஆனால் கட்ட வேண்டிய மாதம் எது? மார்ச் என்றால் சங்கடம்தான்.

நம் நாட்டில் பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்விடுகிறது. புதுத் துளிருக்கே சத்துச் செலவாவதால் மங்கில் விழும் பால் குறைகிறது. ஆகவே, வரப்போகும் மார்ச்சுக்குச் சென்ற டிசம்பர் சாட்சியாகாது. முந்தைய மார்ச் மாதங்களைத்தான் கேட்க வேண்டும்.

யாருடைய மார்ச், எத்தனை மார்ச் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. இளமரக் காட்டுக்கு மாறி நமக்கு இரண்டு ஆண்டுதான் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மற்ற மாதங்களில் 100 வெள்ளி வந்த இடத்தில், அந்த இரண்டு மார்ச்சிலும் 80 வெள்ளி வந்தது. தோட்டம் முழுவதற்கும் 10 ஆண்டுக் கணக்கைப் பார்த்தாலோ 60 வெள்ளிதான். எதை நம்புவது?

நம் நிரை நமக்கு நெருக்கமானது. ஆனால் இரண்டே முறை பார்த்தது, அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். தோட்டக் கணக்கில் கிழட்டு மரங்களும் கலந்திருக்கின்றன. ஆனால் அது நல்ல ஆண்டையும் கெட்ட ஆண்டையும் பார்த்திருக்கிறது. நாமானால் 60-இல் தொடங்கி 65 வரை ஏறுவோம், அதற்கு மேல் இப்போது வேண்டாம். இன்னும் நான்கைந்து மார்ச் 80 ஆகவே வந்தால், 75 என்று துணிந்து சொல்லலாம்.

மழைக்கும் இதே கதைதான். கிளந்தானில் இருக்கும் மைத்துனர் ஆண்டுக் கடைசியில் இத்தனை நாள் வெட்டில்லை என்பார். அது கிழக்குக் கரைப் பருவமழை. பேராக்கில் இருப்பவர் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

விலைக்கு வந்தால், பெரியவர்கள் கொரியப் போர்க் காலத்தைச் சொல்வார்கள். 1950-இல் போர் மூண்டதும் ரப்பர் விலை கிடுகிடுவென ஏறியது. 1953-க்குள் இறங்கியும் விட்டது. போரில்லாத ஆண்டில் விலை எவ்வளவு ஏறும் என்று கணிக்க அந்த ஆண்டுகள் பொருந்தா. ஏறிய விலை எத்தனை வேகமாக இறங்கும் என்று கேட்டால் மட்டும் அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். மாதம், பால் எடை, வெட்டில்லாத நாள், கைக்கு வந்த சம்பளம் இவற்றை எழுதி வரட்டும். தவணைக் கடைக்குப் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போவோம்.