பெட்ரோல் வாசனை

அரியலூர்ச் சிமெண்டு லாரிகள் கிளப்பும் புழுதி, பெரம்பலூர்ச் சாலையில் போகும் கார்களின் அடிப்பக்கமெல்லாம் படிந்துவிடுகிறது. அப்புழுதியினாலும் ஒரு நன்மை உண்டு. பெட்ரோல் கசியும் இடத்தில் மட்டும் அது நனைந்து கறுத்து, திருட்டைக் காட்டிக்கொடுக்கும்.

காரில் பெட்ரோல் வாசனை வீசினால் நாம் அலட்சியம் செய்யலாகாது. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, தள்ளியிருக்கும் நெருப்பையும் எட்டிப் பிடிக்கும். ஆகையால் வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, என்ஜின் ஆறிய பிறகே தேட வேண்டும். தீக்குச்சி வெளிச்சம் கூடவே கூடாது. டாங்கியிலிருந்து என்ஜின் வரையில் குழாயைக் கண்ணால் தொடர்ந்து சென்றால், ரப்பர் வெடித்த இடத்திலோ, கிளிப் தளர்ந்த இடத்திலோ ஈரம் தென்படும்.

2025-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் 20 சதவிகிதத்தை எட்டியது. கரும்பிலிருந்தும், பெரம்பலூர் வயல்களில் விளையும் மக்காச்சோளம் போன்ற தானியங்களிலிருந்தும் இறக்கப்படும் சரக்கு அது. அந்நிய எண்ணெய்க்குப் போகும் பணம் மிஞ்சுவது நல்லதே. ஆனால் பழைய கார்களின் ரப்பர் குழாய்கள் அதை உத்தேசித்துச் செய்யப்பட்டவையல்ல. உப்பி நைந்துபோகக் கூடும்.

கசியும் இடத்தில் சோப்பை அப்புவது சிகிச்சையன்று. தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு, எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாயையும் கிளிப்பையும் மாட்டச் செய்வதே பரிகாரம். குழாயின் விலை சொற்பம். வண்டியிலே அமர்ந்து வரும் குழந்தைகளுக்கோ விலையில்லை.