செருப்புத் தைத்த சமூகத்தின் கால்களுக்கு நல்ல செருப்பு எப்போது?

அதிகாலையில் தொண்டாமுத்தூர் பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பவர்களின் கால்களைக் கொஞ்சம் கவனியுங்கள். குப்பை அள்ளப் போகும் தூய்மைப் பணியாளர், பாக்குத் தோப்பு வேலைக்குப் போகும் அம்மா, காந்திபுரம் துணிக்கடைக்குப் போகும் இளம்பெண் எனப் பலர் நிற்பார்கள். நாள் முழுக்க நின்றே உழைப்பவர்களின் காலில் பெரும்பாலும் தேய்ந்துபோன ரப்பர் செருப்புதான் இருக்கும்.

கொங்கு மண்ணில் இந்தச் செருப்புக்கு ஒரு வரலாறு உண்டு. ஆவாரம்பட்டையில் தோலைப் பதனிட்டு, பண்ணையக்காரர்களுக்குச் செருப்பும், கவலை இறைக்கத் தோல் பொருட்களும் செய்து கொடுத்தவர்கள் அருந்ததியர். ஆனால், ஊர்த் தெருவுக்குள் நுழையும்போது அவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இது பழங்கதை அல்ல. பக்கத்து திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் உள்ள ராஜாவூரில், ஆதிக்க சாதியினர் வசிக்கும் தெருவில் சுமார் 60 தலித் மக்கள் முதன்முறையாகச் செருப்பணிந்து நடந்தது 2023 டிசம்பரில்தான். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி தண்டனைக்குரிய குற்றம்.

செருப்பு அணியும் உரிமைக்கு அடுத்த படி, உழைக்கும் கால் நோகாமல் இருக்கும் உரிமை. ஒரே இடத்தில் நிற்கும்போது கெண்டைக்கால் தசை அசைவதில்லை. அதனால் இரத்தம் மேலேறாமல் காலிலேயே தேங்குகிறது. வீக்கமும் நரம்புச் சுருட்டலும் வருவது இப்படித்தான். மெல்லிய செருப்பு குதிகாலைத் தாங்காது. அது கழன்று விடாமல் இருக்க விரல்கள் ஓயாமல் இறுக்கிப் பிடிப்பதால் பாதமும் வலிக்கிறது.

நல்ல செருப்பு என்றால் விலை உயர்ந்த செருப்பு என்று பொருளல்ல. மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். அப்போது அளவு பார்த்து வாங்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பின்பக்கம் வார் இருக்க வேண்டும். கையில் பிடித்து வளைத்தால் விரல் மடங்கும் இடத்தில் வளையலாம், நடுவில் மடங்கக் கூடாது. அடிப்பகுதி ஒருபக்கமாகத் தேய்ந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான ரப்பர் வைத்த செருப்பை மருத்துவரிடம் கேட்டு அணிவது நல்லது.

இதையெல்லாம் தொழிலாளியே தன் கூலியிலிருந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட முடியாது. திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016, குப்பையைக் கையாளும் எல்லாத் தொழிலாளர்களுக்கும் கையுறை, முகக்கவசத்தோடு தகுந்த காலணியும் கிடைப்பதை உறுதிசெய்யும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம் கொடுத்தது. ஒப்பந்தத் தொழிலாளி என்பதற்காக இதில் விலக்கில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. கேரளம் 2018-லேயே இதைச் செய்தது. தோப்பிலும் வயலிலும் வேலை செய்யும் பெண்களுக்குத்தான் இப்படிக் கேட்டுப் பெறுவதற்கான வழி இன்னும் குறுகலாக இருக்கிறது.

அம்மாவோ அப்பாவோ இந்த வேலைகளில் இருந்தால், மாணவர்கள் இன்று மாலை அவர்களுடைய செருப்பைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எப்போது வாங்கியது என்று கேளுங்கள். அடுத்த கிராம சபையிலோ பகுதி சபையிலோ ஒரு கேள்வி எழுப்புங்கள். நம் ஊர்த் தூய்மைப் பணியாளர்களுக்குக் கடைசியாகக் காலணி வழங்கியது எப்போது? அது அவரவர் கால் அளவுக்குப் பொருந்தியதா?