முள் நடுவில் வரட்டும்

கோட்டாறு கம்போளத்தில் காலை எட்டு மணிக்கு ஒரு வண்டியின் சத்தத்தை மட்டும் பிரித்துக் கேட்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு பக்கம் லாரியிலிருந்து மூட்டை இறங்கும். இன்னொரு பக்கம் ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கமாட்டார். இத்தனைக்கும் நடுவில், கடைக்குள் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். தெருமுனையில் ஒரு புல்லட் திரும்பிப் போனது. நான் விற்ற வண்டி. விற்று இரண்டு மாசம்கூட ஆகியிருக்கவில்லை. இது 2014-ஆம் வருஷத்துக் கதை.

"ரோட்டுல எத்தனை புல்லட்டு போவுது. அது ஒங்க வண்டிதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் மனைவி. சத்தத்தை வைத்துத்தான் என்றேன். அவள் நம்பவில்லை. விற்றவனுக்கு எல்லா வண்டியும் தன் வண்டியாகத்தான் கேட்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சொல்ல முடியாமல் போன பதில்தான் இது. எஞ்சினைக் கொஞ்சம் திறந்து காட்டாமல் அந்தப் பதிலைச் சொல்ல வழியில்லை.

புல்லட்டின் பூர்வீகம் இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர். தையல் ஊசிக்குப் பேர்போன ஊர் அது; ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் மூதாதைகளும் ஊசி செய்தவர்கள்தான். 1932-இல் 'புல்லட்' என்று ஒரு வண்டிக்குப் பெயர் வைத்தார்கள். நமக்குத் தெரிந்த 350 சிசி உருவம் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1950-களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்கு வண்டி தேடிய இந்திய ராணுவம் இதைத் தேர்ந்தெடுத்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. அடுத்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி நாங்களும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுப் பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாக மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்தோம். ஆக, புல்லட்டும் எங்கள் நாஞ்சில் நாடும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மதராஸ் விலாசத்துக்கு மாறியவை. இங்கிலாந்தில் 1970-இல் கம்பெனி முழுதாக மூடப்பட்டது. திருவொற்றியூரில் மூடவில்லை. 1977-இல் இங்கிருந்து அங்கேயே ஏற்றுமதியும் ஆனது.

வரலாறு போதும். என்னிடம் இருந்தது வார்ப்பிரும்பு எஞ்சின் வைத்த பழைய புல்லட். அதன் சிலிண்டரின் வாய் அகலம் 70 மில்லிமீட்டர். அதற்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். ஒல்லியான, நெட்டையான டம்ளர் என்று வைத்துக்கொள்ளலாம். கொள்ளளவைக் கணக்குப் போட்டால் 346 கன செண்டிமீட்டர் வரும். பேச்சுவழக்கில் அதைத்தான் 350 என்கிறோம். காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து உள்ளே வருவது ஒரு வீச்சு, அதை அமுக்குவது இரண்டாவது, வெடிப்பது மூன்றாவது, புகையை வெளியே தள்ளுவது நான்காவது. நான்கில் ஒன்றுதான் சம்பாதிக்கிறது. மற்ற மூன்றும் உட்கார்ந்து சாப்பிடுகின்றன.

அப்படியென்றால் அந்த மூன்று வீச்சுக்கும் எஞ்சினைச் சுற்ற வைப்பது எது? ஆட்டுக்கல்லில் மாவாட்டியவர்களுக்கு இது உடனே விளங்கும். குழவி ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் கை கொஞ்சம் ஓய்ந்தாலும் அதன் கனமே அடுத்த சுற்றுக்கு இழுத்துக்கொண்டு போகும். புல்லட் எஞ்சினின் வயிற்றுக்குள் அப்படி ஒரு கனம் இருக்கிறது. ஃபிளைவீல் என்று பெயர். அது பெரிதாக இருப்பதால்தான் எஞ்சின் ரொம்ப நிதானமாக ஓடியும் நின்றுவிடாமல் தாக்குப்பிடிக்கிறது. நிமிஷத்துக்கு 800 சுற்று என்று வைத்தால், இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி வீதம் 400 வெடி. நொடிக்கு ஆறோ ஏழோ. நம் காது, நொடிக்கு இருபதுக்குக் குறைவாக வரும் அடிகளை ஏறத்தாழ ஒவ்வொன்றாகக் கேட்கும். அதைத் தாண்டினால் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே இரைச்சலாகிவிடும். கோயில் மேளத்தில் தவிலின் அடி தனித்தனியாகவும் ஒத்துவின் ஓசை ஒரே இழையாகவும் கேட்கிறதல்லவா? புல்லட் தவில் கட்சி.

புல்லட்டை விற்று நான் வாங்கிய டிவிஎஸ் எக்ஸெல், ஒத்து கட்சி. அதுவும் தமிழ்நாட்டுப் பிறப்புதான். ஓசூரில் 1980-இல் டிவிஎஸ் 50 என்று வெளிவந்த இரண்டு சீட் மொபெட்டின் வாரிசு. நான் வாங்கியது 69.9 சிசி, டூ ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி. சும்மா நிற்கும்போது நிமிஷத்துக்கு 1,500 சுற்று என்றாலே நொடிக்கு 25 வெடி. காதுக்கு அது வண்டுச் சத்தம். திறன் மூன்றரைக் குதிரை. புல்லட்டுக்குப் பதினெட்டு. எடையில் புல்லட்டின் பாதிகூட வராது.

கேலிக்குச் சொல்லவில்லை. எக்ஸெல்லை வடிவமைத்தவர் யாராக இருந்தாலும் ஒரு பலசரக்குக் கடைக்காரனின் மனசுக்குள் புகுந்து பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும். சீட்டுக்கு முன்னால் காலடியில் ஒரு மூட்டை நிற்கும் அளவுக்கு வெற்றிடம். பின்சீட்டைக் கழற்றினால் இன்னும் இரண்டு மூட்டை. கிளட்ச் லீவரும் கிடையாது, கியரும் கிடையாது. திருவிழா ராட்டினத்தில் சங்கிலியில் தொங்கும் நாற்காலிகளைப் பார்த்திருப்பீர்கள். வேகம் கூடக்கூட அவை வெளிப்பக்கம் விரிந்து பறக்கும். எக்ஸெல்லின் கிளட்ச் அதே தத்துவம்தான். எஞ்சினோடு சுற்றும் சின்னக் கட்டைகள், வேகம் கூடியதும் ஸ்பிரிங்கை மீறி வெளியே விரிந்து, சுற்றியிருக்கும் டப்பாவின் உட்சுவரைப் பிடித்துக்கொள்ளும். டப்பா சுற்றும், செயின் இழுக்கும், சக்கரம் உருளும். ஆக்ஸிலேட்டரை விட்டால் கட்டைகள் சுருங்கிக்கொள்ளும், வண்டி தானாக நியூட்ரலுக்கு வந்துவிடும். வண்டி ஓட்டவே தெரியாத என் மைத்துனன் ஒரு மதியத்தில் கற்றுக்கொண்டான்.

எனக்கு முட்டு வலி. கடைக்குச் சரக்கு தினமும் வந்தாகவேண்டும். புல்லட்டில் ஒரு சீனி மூட்டையைக் கொண்டுவருவதென்றால் பின்னால் ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்காரவேண்டும். லிட்டருக்கு முப்பது, முப்பத்தைந்து என்று போய்க்கொண்டிருந்த கணக்கு எக்ஸெல்லில் ஐம்பதைத் தாண்டியது. எந்தப் பக்கம் கூட்டிப் பார்த்தாலும் விற்றது சரிதான். கூட்டிப் பார்க்காத ஒன்று இருந்தது.

வார்ப்பிரும்பு புல்லட்டை உதைத்து ஸ்டார்ட் செய்வது என்பது ஒரு தனி வித்தை. சும்மா காலைத் தூக்கி ஓங்கி உதைத்தால் ஒன்று அது அசையாது, இல்லையென்றால் திருப்பி உதைக்கும். காரணம் இருக்கிறது. பிஸ்டன் மேலே வந்து முட்டுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பொறி விழும்படிதான் எஞ்சினை அமைத்திருப்பார்கள். ஓடுகிற எஞ்சினில் ஃபிளைவீலின் வேகம் அதைத் தாண்டிப் போய்விடும். நாம் அரைகுறையாக உதைத்தால் வெடி முந்திக்கொண்டு பிஸ்டனைப் பின்பக்கமே தள்ளிவிடும். கிக்கர் நம் காலைத் தூக்கி எறியும்.

அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஹெட்லைட் கூட்டின் மேல், நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வட்ட மீட்டர் இருக்கும். ஆம்மீட்டர். பேட்டரிக்கு மின்சாரம் போகிறதா, பேட்டரியிலிருந்து வருகிறதா என்று காட்டுவது. சாவியைப் போட்டுவிட்டு கிக்கரை மெதுவாக அமுக்கிக்கொண்டே போனால் அதன் முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். எஞ்சினுக்குள் பாயிண்ட் என்கிற இரண்டு உலோக முனைகள் ஒட்டியிருக்கின்றன, காயிலுக்கு மின்சாரம் பாய்கிறது என்று அர்த்தம். ஓர் இடத்தில் முள் சட்டென்று நடுவுக்குத் துள்ளும். முனைகள் பிரிந்துவிட்டன. பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இப்போது இடது கைப்பிடியில் இருக்கும் சின்ன டீகம்ப்ரஷர் லீவரைப் பிடிக்கவேண்டும். அது புகைவால்வைக் கொஞ்சம் தூக்கி, உள்ளே அமுங்கிய காற்றை வெளியே விடும். 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு. அந்த நேரத்தில் கிக்கரை இன்னும் ஒரு விரல்கடை அமுக்கி பிஸ்டனை உச்சியைத் தாண்ட விட்டு, லீவரையும் விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுக் காலால் ஒரே உதை. ஃபிளைவீலுக்கு வேகம் பிடிக்க அடுத்த அமுக்கம் வரைக்கும் தாராளமாக இடம் கிடைக்கிறது. வண்டி எழுந்துவிடும்.

இதில் பலம் கொஞ்சம்தான். ஒல்லியான ஆட்கள் ஒரே உதையில் கிளப்புவதையும், கடா மாதிரி ஆட்கள் வேர்த்து ஒழுகுவதையும் பார்த்திருக்கிறேன்.

இனி மனைவியின் கேள்விக்கு வரலாம். அந்தப் பாயிண்ட் முனைகளுக்கு நடுவே இருக்கவேண்டிய இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதைக் கையால்தான் வைக்கவேண்டும். பொறி எப்போது விழவேண்டும் என்பதும் கையால் திருப்பி வைப்பதுதான். கார்புரேட்டரில் காற்றுத் திருகு, வேகத் திருகு இரண்டுமே காதை வைத்துத் திருகுவது. டேப்பெட் இன்னும் அழகு. வால்வுகளைத் தூக்கும் இரண்டு நீளக் கம்பிகள் சிலிண்டரின் பக்கவாட்டில் மேலேறும். எஞ்சின் ஆறியிருக்கும்போது கீழே இருக்கும் சின்ன மூடியைக் கழற்றி நட்டைத் திருகி அவற்றைச் சரிசெய்யவேண்டும். எனக்கு வேலை சொல்லித்தந்த மெக்கானிக் அளவுகோல் எதையும் எடுக்கமாட்டார். என் விரலைப் பிடித்துக் கம்பியில் வைத்தார். "சுத்தணும் மக்கா. மேலயும் கீழயும் ஆடப்பிடாது. அவ்வளவுதான் டேப்பெட்டு." கை இறுகிய ஆள் வைத்தால் ஒரு சத்தம், தளர்ந்த ஆள் வைத்தால் வேறு சத்தம். இருபது வருஷம் ஒரே கை வைத்த வண்டி அந்தக் கையின் சத்தத்தில்தான் ஓடும். தெருமுனையில் கேட்டது என் விரல்தான் என்று சொன்னால் மிகையாகத் தெரியலாம். இயந்திரக் கணக்குப்படி அது சரியாகவே வரும்.

விற்ற பிறகு மனசைவிட உடம்புதான் அதிகமாகத் தடுமாறியது. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பக்கத்திலேயே இன்னொரு குட்டி லீவர். குதிகாலால் ஒரு மிதி மிதித்தால் இரண்டு, மூன்று, நான்கு எதிலிருந்தும் நேரே நியூட்ரலுக்கு வந்துவிடலாம். எக்ஸெல்லில் செட்டிகுளம் சந்திப்பில் நிற்கும்போதெல்லாம் என் வலது குதிகால், இல்லாத அந்த லீவரைத் தேடி மிதித்தது. ஆடி மாசத்தில் ஆரல்வாய்மொழி தாண்டி, காற்றாலைகள் நிற்கும் முப்பந்தல் பக்கம் ஒருமுறை போனேன். காற்று எக்ஸெல்லை ஓலைப்பெட்டியைப் போல ஓரத்துக்குத் தள்ளியது. புல்லட்டாக இருந்தால் இடுப்பைச் சற்றுச் சாய்த்தாலே போதும், 165 கிலோ இரும்பு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். எக்ஸெல்மேல் குறை சொல்வதற்கில்லை. அதை மூட்டைக்காகச் செய்தார்கள். முப்பந்தலுக்காக அல்ல.

2010-ஐ ஒட்டி இந்த வார்ப்பிரும்பு எஞ்சினின் உற்பத்தி நின்றது. புகை விதிகளுக்கு அது ஈடுகொடுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு வந்த புல்லட்டுகளில் பலவற்றுக்குப் பட்டன் ஸ்டார்ட் உண்டு, கியர் மற்ற வண்டிகளைப் போல இடது காலுக்குப் போய்விட்டது, பாயிண்ட் கிடையாது. நல்ல வண்டிகள்தான். விரலுக்கு அவற்றில் வேலை குறைவு.

அந்த டிசம்பர் முதல் வாரம். சவேரியார் கோயில் திருவிழா. ராட்டினம், பஜ்ஜிக் கடை, வளையல் கடை என்று தெரு நிறைந்து கிடந்தது. தூறல் வேறு. மார்க்கெட்டிலிருந்து சீனி மூட்டையோடு எக்ஸெல்லில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தேன். ஓரமாக என் புல்லட் நின்றது. டேங்குக்குப் புதுப் பெயின்ட். வாங்கிய பையன் சட்டை நனைய உதைத்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் நாலு பேர், ஆளுக்கொரு யோசனை.

விற்ற அன்றைக்கு 29-ஆம் எண் படிவத்திலும் 30-ஆம் எண் படிவத்திலும் கையெழுத்துப் போட்டேன். ஆர்.சி. புக், இன்னொரு சாவி, டூல்ஸ் பை எல்லாம் எண்ணிக் கொடுத்தேன். முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

இறங்கிப் போனேன்.

"மக்கா, ஒதைக்காத. சாவியப் போட்டுட்டு கால வச்சு மெல்ல அமுக்கு. முள்ளப் பாரு."

"எந்த முள்ளு அண்ணாச்சி?"

விரலால் தொட்டுக் காட்டினேன். எட்டு மாசமாக அதை அவன் பார்த்ததே இல்லை. கண்ணாடியில் நின்ற தண்ணீரைத் துடைத்தான். அமுக்கினான். முள் இடப்பக்கம் கிடந்தது, கொஞ்சம் நடுங்கியது, நடுவுக்குத் துள்ளியது.

"வந்திட்டு!"

"லீவரப் பிடி. இன்னும் ஒரு பொட்டு அமுக்கு. விடு. இப்ப ஒதை."

முதல் உதையில் இருமியது. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. பையன் முகமெல்லாம் பல். டேப்பெட்டை யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள். சத்தத்தில் ஒரு கடகடப்பு புதிதாக இருந்தது.

"ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க அண்ணாச்சி" என்று ஒதுங்கி நின்றான்.

"சீனி நனையுது" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், எஞ்சின் சூடாகும் முன்னால், கடைக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு எக்ஸெல்லை உதைத்தேன்.