நாள் தள்ளிப்போச்சா? பார்க்கிறதைத் தள்ளிப் போடாதீங்க!

தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கவனிக்க

(நமது நிருபர்)

குன்னூர்-

"குளிருக்கு நாள் தள்ளும், தானா வந்துடும்."

கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் இப்படிச் சொல்லியே 2 மாதம், 3 மாதம் ஓட்டிவிடுவது உண்டு. அப்புறம் தலை சுற்றி, வாந்தி வந்து எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போனால், "இத்தனை நாளா என்னம்மா பண்ணினே?" என்று நர்சம்மாவிடம் திட்டு விழும்.

திட்டு போகட்டும். சிசுவுக்கு அந்த 3 மாதம் சும்மா போன காலம் அல்ல. கரு உண்டான 28 நாளுக்குள் மூளை, தண்டுவடத்துக்கு அஸ்திவாரம் போட்டு முடிந்துவிடுகிறது. அதாவது, நாள் தள்ளி 2 வாரம் ஆகும்போதே அந்த வேலை தீர்ந்துபோகும்! அதற்கு வேண்டிய ஃபோலிக் ஆசிட் மாத்திரையை 4-ம் மாதம் வாங்கி என்ன பிரயோஜனம்? பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே அதை ஆரம்பித்துவிட வேண்டும் என்கிறது மருத்துவம்.

50 ரூபாய் கார்டு

ஒரு காலத்தில் வெளிநாட்டில் பெண்ணின் சிறுநீரை ஆப்பிரிக்கத் தவளைக்கு ஊசி போட்டு, அது முட்டையிட்டால் கர்ப்பம் என்று சொன்னார்கள். இன்று மருந்துக் கடையில் சுமார் 50 ரூபாய்க்கு கார்டு கிடைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தால் காசே இல்லை.

கரு கர்ப்பப்பையில் ஒட்டிய பிறகுதான் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் உடம்பில் ஊறும். 2, 3 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கார்டு கண்டுபிடிப்பது அதைத்தான். அதனால் நாள் தள்ளுவதற்கு முன்பே பார்த்தால் ஏமாற்றும். தள்ளிய மறுநாளில் இருந்து பார்க்கலாம். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்கள், கணவரோடு சேர்ந்து 3 வாரம் கழித்துப் பார்க்கணும்.

காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர்தான் நல்லது. சுத்தமான, காய்ந்த டப்பாவில் பிடியுங்கள். கார்டில் 'எஸ்' என்று போட்ட குழியில், கவரில் சொன்ன கணக்குப்படி (பெரும்பாலும் 3) சொட்டு விடுங்கள். 5 நிமிஷம் பொறுங்கள். 'சி' பக்கம் ஒரு கோடு மட்டும் வந்தால் இல்லை. 'டி' பக்கமும் வந்தால் உண்டு. மங்கலாக வந்தாலும் உண்டு என்றே அர்த்தம். 'சி' கோடே வராவிட்டால் கார்டு கெட்டது, வேறு வாங்கணும். அடுப்பில் உலை வைத்துவிட்டு அரை மணி கழித்து வந்து பார்த்து, "கோடு தெரியுதே" என்றால் அது கணக்கில் சேராது.

"இல்லை" என்று வந்தும் விலக்கு வரவில்லையா? ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. அப்போதும் இல்லையென்றால் டாக்டர்.

சிறுநீரில் உப்பு, சர்க்கரை, டூத் பேஸ்ட் கலக்குகிறவர்களும் இருக்கிறார்கள். நுரை வரும், பதில் வராது.

108-ஐக் கூப்பிடுங்க!

அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, ரத்தப்போக்கு, தோள்பட்டை வலி, மயக்கம் - இதில் எது வந்தாலும் கார்டைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. கரு குழாயில் தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. மலைப்பாதையில் ஆஸ்பத்திரி போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது நமக்குத் தெரியாததா?

வேண்டாத கர்ப்பம் என்று தெரிந்தவர்களைக் கேட்டு மாத்திரை விழுங்குவதும் இதே காரணத்தால் ஆபத்து. குழாயில் உள்ள கருவை அந்த மாத்திரை கலைக்காது.

நீலகிரிக்கு இன்னொரு காரணம்

அரிவாள் செல் ரத்தசோகை. இந்த நோயின் அறிகுறியை இந்தியாவில் முதலில் கண்டதே இந்த மலைவாழ் மக்களிடம்தான். 1952-ல் அதை எழுதினார்கள். இருளர், பணியர், குறும்பர்களிடம் இது உண்டு. தாய், தகப்பன் இருவருக்கும் இதன் கூறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 4-ல் 1 பங்கு நோய் வர வாய்ப்பு. கருவிலேயே சோதிக்க முடியும். ஆனால் அதற்கு 11 வாரத்தில் இருந்து ஏற்பாடு நடக்கணும். 4-ம் மாதம் டிஸ்பென்சரிக்கு வந்தால் அவகாசம் குறைந்துவிடும்.

முன்கூட்டித் தெரிந்தால் மேஸ்திரியிடம் சொல்லி, மருந்தடித்த காட்டுக்கும் மூட்டை தூக்கவும் போகாமல் வேறு வேலை கேட்கலாம்.

பணமும் இருக்கிறது. ஏழைக் குடும்பத்துக்கு முதல் 2 பிரசவத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய். கிராம சுகாதார செவிலியரிடம் 12 வாரத்துக்குள் பெயரைப் பதியணும். ஆதார், பேங்க் பாஸ்புக் இரண்டையும் கையோடு கொண்டுபோனால் ஒரே நடையில் முடியும்.