மழைநீர் எங்கே போகிறது?

2015 டிசம்பர் 1, 2 ஆகிய நாள்களில் அடையாறு கரைபுரண்டு ஓடி, சென்னையின் பல பகுதிகளை மூழ்கடித்தது. 2019 ஜூனில் அதே சென்னை, தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடு காத்து நின்றது. குடிநீர் ஏரிகளில் அப்போது இருந்த நீர், மொத்தக் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நான்கே ஆண்டுகளுக்குள் ஒரே ஊருக்கு வெள்ளமும் வறட்சியும் வந்தது எப்படி?

2018-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது ஒரு காரணம். ஆனால், பெய்கிற மழையை நிலம் என்ன செய்கிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

ஓர் ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர் நீர் விழுகிறது. அது வயலாக இருந்தால், வரப்புக்குள் நீர் தேங்கும். ஒரு பகுதி மண்ணில் இறங்கும். மீதி மெதுவாக ஏரிக்குச் செல்லும். அதே ஏக்கர் சிமெண்ட் தளமாகவும் தார்ச்சாலையாகவும் மாறிவிட்டால், பெரும்பகுதி நீர் சில நிமிடங்களில் கால்வாய்க்கு ஓடிவிடும். மழையின் அளவு மாறவில்லை. ஆனால் ஆற்றுக்கு வரும் நீர் கூடுகிறது. அதுவும் ஒரே நேரத்தில் வந்து சேருகிறது.

அடையாறு ஏறக்குறைய 42 கி.மீ. நீளமே கொண்ட சிறிய ஆறு. அதன் வடிநிலத்தில் நம் முன்னோர் ஏரிகளைச் சங்கிலிபோல் அமைத்தார்கள். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு நீர் போகும். வரத்துக்கால்கள் தூர்ந்து, ஏரிகளுக்குள் வீடுகள் எழுந்தபோது அந்தச் சங்கிலி அறுந்தது.

2015-இல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்தது. அத்தனை மழையை எந்த மண்ணும் முழுவதும் உறிஞ்சிவிடாது என்பது உண்மையே. ஆயினும் ஏரிகள் தாங்கி நிறுத்தும் ஒவ்வொரு மணி நேரமும், கரையோர மக்கள் உயிர் தப்புவதற்கான நேரம்.

இறங்காமல் ஓடிய நீர் கோடையில் கிணற்றிலும் இராது. எனவே வெள்ளமும் வறட்சியும் ஒரே இழப்பின் இரு முகங்கள். இரண்டிலும் அதிகம் துன்புறுவோர் ஆற்றோரக் குடிசைகளில் வாழும் ஏழைகளே. மேட்டில் மண்ணை மூடுகிறவருக்குப் பள்ளத்தில் வாழ்கிறவரின் கண்ணீர் தெரிவதில்லை.

2003-இல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நம் வீட்டில் அன்று அமைத்த தொட்டி இன்று எந்த நிலையில் இருக்கிறது? ஐப்பசிக்கு முன் அதைத் தூர்வாருவோம். முற்றம் முழுவதையும் சிமெண்டால் மூடாமல் கொஞ்சம் மண்ணை விட்டுவைப்போம். நம் வாசலில் நிற்கும் நீர், நமக்குக் கீழே வாழ்பவரின் வீட்டுக்குள் புகாத நீர் என்பதை நினைவில் கொள்வோம்.